மூச்சு விடாத உத்தியோகம்

"பொத்தான்ல கை வைக்காதீங்க" என்று கத்திக்கொண்டே டாக்டர் வகுளா மின்மயானத்தின் படிகளில் ஓடி ஏறினாள். இடது கால் செருப்பு வாசலிலேயே அறுந்தது. உதறிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

கூடத்தின் கோடியில், இரும்புத் தள்ளுவண்டியின் மேல், மாலையும் சந்தனமுமாக ஏகாம்பரம் மல்லாந்து கிடந்தான். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் உலையின் இரும்புக் கதவு. உலையை இயக்கும் கஜபதி, சுவரில் இருந்த பச்சைப் பொத்தானை நோக்கி விரலை நீட்டியிருந்தான். குரல் கேட்டு விரல் அப்படியே நின்றது.

"கொளுத்தினா உலை வெடிக்கும்" என்றாள் வகுளா. "இந்தச் சுவர் இருக்காது. நீங்களும் இருக்க மாட்டீங்க."

அவளுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பரந்தாமன் படியேறி வந்தார். அனிலா உயிர்நுட்ப நிறுவனத்தின் பணியாளர் நல அதிகாரி. மனிதனுக்கு மூச்சு என்பது ஒரு பழைய பழக்கம் என்று மேடைதோறும் பேசி வருபவர். அந்தப் பழக்கம் இப்போது அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. பேச வாய் திறந்தார். காற்று மட்டுமே வந்தது. கையை ஆட்டி, வகுளா சொல்வதுதான் தன் கருத்தும் என்று தெரிவித்தார்.

விஷயம் இதுதான். நகரத்தில் பாதாளச் சாக்கடையில் இறங்கியவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் மறியல் நடந்தது. ஒவ்வொரு மறியலிலும், ஆளை இறக்காதே, இயந்திரத்தை இறக்கு என்று கேட்டார்கள். இயந்திரம் வாங்க ஒரு குழு போட்டார்கள். சந்துகள் குறுகலாக இருப்பதால் இயந்திரம் நுழையாது என்று குழு கண்டுபிடித்தது. சந்தை அகலப்படுத்த இன்னொரு குழு போட்டார்கள். அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் அனிலா வந்தது. குழிக்குள் போகிறவன் ஏன் சாகிறான்? விஷவாயுவை உள்ளே இழுக்கிறான், சாகிறான். அப்படியானால் தப்பு குழியில் இல்லை, இழுப்பதில் இருக்கிறது. அந்த நிறுவனம் ஓர் ஊசி தயாரித்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி சிலிண்டர். உள்ளே பிராணவாயுவை அமுக்கி அடைத்திருக்கும். ரத்தத்தில் ஓடிக்கொண்டே நல்ல காற்றைக் கொடுக்கும், கெட்ட காற்றை வாரிக்கொள்ளும். காலையில் போட்டுக்கொண்டால் மறுநாள் காலை வரை மூச்சே விட வேண்டாம். தொழிலாளர்கள் அதைக் காத்தூசி என்றார்கள். கம்பெனி அதைப் புரட்சி என்றது. மந்திரி ஒருவர் குழி மூடியின் மேல் நின்று ரிப்பன் வெட்டினார்.

சட்டத்திலும் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்பட்டது. மூச்சு நின்றவர் இறந்தவர் என்பது பழைய வழக்கம். அதன்படி பார்த்தால் அனிலாவின் ஆட்கள் அத்தனை பேரும் வேலையில் சேர்ந்த அன்றே காலமானவர்கள். ஒருவன் மத்தியானச் சாப்பாடு முடித்து மரத்தடியில் அசந்தபோது, பார்த்தவர்கள் அவனைப் பிணவறை வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள். அங்கே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். யாரிடம் கேட்டானோ அவருக்குக் காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆனது. அதன் பிறகு, காத்தூசிக்காரர்களுக்கு மூச்சு, நாடி எதையும் பார்க்கத் தேவையில்லை, கம்பெனியின் துகள்மானி சொல்வதே மரணம் என்று ஆணை வந்தது. விரலில் மாட்டும் சின்னக் கருவி. துகள் ஓடினால் பச்சை விளக்கு, ஆள் உயிரோடு இருக்கிறான். துகள் நின்றுவிட்டால் மஞ்சள் விளக்கு, ஆள் போய்விட்டான்.

போனவனைக் கொளுத்தக் கூடாது என்பதை மட்டும் கம்பெனி வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தது. சூடு ஏறினால் உடம்பிலுள்ள கோடானுகோடி சிலிண்டர்களும் ஒரே நேரத்தில் வெடிக்கும். வேறோர் ஊரில் ஓர் உலையின் கதவு பறந்து போய் எதிரேயிருந்த டீக்கடையில் விழுந்தது. அன்றிலிருந்து, இறந்த பணியாளரின் உடல் நேராகக் கம்பெனிக்கு வர வேண்டும். துகள்களை வடித்து, கழுவி, அடுத்தவருக்கு ஏற்றிவிட்டு, மிச்சத்தைக் கம்பெனியே மரியாதையோடு அடக்கம் செய்துவிடும்.

ஏகாம்பரத்தின் வீட்டார் கம்பெனிக்குத் தகவல் சொல்லவில்லை. சத்தமில்லாமல் எடுத்துவிடத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தெருப் பையன்களுக்கு அவன் மேல் பிரியம் அதிகம். யாரையும் கேட்காமல், பொழுது விடிந்த கொஞ்ச நேரத்தில், கூலிங்கிளாஸ் போட்ட அவன் படத்தோடு தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். அதைப் படம் பிடித்து ஒருவன் தன் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போட்டான். அதைப் பரந்தாமன், இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். இரண்டாவது இட்லியை அப்படியே விட்டுவிட்டு வகுளாவை வண்டியில் ஏற்றினார்.

இப்போது அவருக்கு ஒருவழியாக மூச்சு திரும்பியிருந்தது. உடம்பைக் கம்பெனிக்கு எடுத்துப்போக வண்டி வந்துகொண்டிருக்கிறது, எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும் என்று கூடத்தைப் பார்த்து அறிவித்தார். கூடத்தில் இருந்தவர்கள் நாலைந்து சொந்தக்காரர்கள்தான். தள்ளுவண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். ஏகாம்பரத்தின் மனைவி தேசம்மா. அழுது வீங்கிய முகம் இல்லை. பல நாள் தூங்காத முகம். கண்ணுக்குக் கீழே மை தடவியது போலக் கருத்திருந்தது.

பெண்கள் மயானத்துக்கு வரும் வழக்கமில்லையே என்றார் பரந்தாமன், மரபின் மேல் திடீரென்று அக்கறை வந்தவராக.

"மூச்சு வுடாம வேல செய்யிறதும்தான் வயக்கமில்ல" என்றாள் தேசம்மா. "அத நீங்க மாத்தல? இத நான் மாத்திக்கினேன்."

சொந்தக்காரர்களில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

பரந்தாமன் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒப்பந்தத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். உடம்பு ஏகாம்பரத்துடையது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் துகள் கம்பெனியுடையது. துகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதால், உடம்பும் கூடவே வர வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

"உசுரோட இருக்கசொல்ல உங்களுதுன்னீங்க. சரின்னு வுட்டேன். செத்தப்புறம் எனக்குன்னு நென்ச்சேன். இப்பவும் உங்களுதுன்னா, நான் யாரக் கட்டிக்கினேன்?"

இதற்கு ஒப்பந்தத்தில் விடை இல்லை. பரந்தாமன் வகுளாவைப் பார்த்தார். டாக்டர் பேசினால் எடுபடும் என்பது அவர் அனுபவம்.

வகுளா ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி மருத்துவமனையில் அவள் முன்னால் உட்கார்ந்து, சொந்த நோயைப் பற்றிப் பேசாமல் போன ஒரே ஆள் அவன்தான்.

அன்றைக்கு அவன் கால் சுளுக்கிக்கொண்டு வந்திருந்தான். கட்டுப் போட்டு, குழிக்குள் இறங்க வேண்டாம், மேலேயே நின்று கயிறு பிடிக்கிற வேலை பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"என் பொண்ணு தூங்க மாட்டேங்குது டாக்டரம்மா" என்றான்.

குழந்தையை அழைத்துவரச் சொன்னாள்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். என் மார் மேல படுத்தாதான் அதுக்குத் தூக்கம் வரும். இப்ப படுத்துச்சுன்னா, கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'நைனா, நீ செத்துட்டியா'ன்னு எய்ப்புது. நானும் சும்மானாச்சும் மூச்சு வுட்டுக் காட்டுறேன். அது தூங்கற வரைக்கும் வுடணும். நடுவுல மறந்துட்டேன்னா எந்திரிச்சுக்குது."

வகுளாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மறக்காமல் மற்றவர்கள் எப்படி விடுகிறார்கள் என்று கேட்டான். இத்தனை வருஷம் தானும் விட்டவன்தான், ஆனால் எப்படி விட்டேன் என்று தெரியவில்லையே என்றான். மேசையின் மேல் இருந்த தாளை எடுத்து வகுளா ஒரு கவிழ்த்த குடை வரைந்தாள்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இப்படி ஒரு தசை இருக்கு. உதரவிதானம்னு பேரு. அது சுருங்கிக் கீழ இறங்கும். விலா எலும்பு மேல தூக்கும். நெஞ்சுக்கூட்டுல இடம் பெருசாகும். இடம் கிடைச்சதும் காத்து தானா வந்து நிரம்பிடும். நாம காத்தை இழுக்கறதா நினைக்கிறோம். உண்மையில இடம்தான் குடுக்கறோம். தசை தளர்ந்தா இடம் சுருங்கும், காத்து வெளிய போயிடும்."

"அத எறங்கு எறங்குன்னு சொல்றது யாரு?"

"மூளை. ரத்தத்துல கரியமில வாயு ஏறினா மூளைக்குத் தெரிஞ்சிடும். உடனே தசைக்கு உத்தரவு போடும். மூச்சு முட்டுதுங்கறோமே, அது பெரும்பாலும் நல்ல காத்து குறையறதால வர்ற தவிப்பு இல்ல. கெட்ட காத்து சேர்றதால வர்றது. உங்க உடம்புல சேர்றதே இல்ல. துகள் வாரிக்கிட்டே இருக்கு. அதனால மூளை உத்தரவு போடறதில்ல."

"அப்ப அது சும்மா குந்திக்கினு கீது."

"சும்மா இருந்தே பழகிடுச்சு."

அவன் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசனை தெரியாமல் போனதைப் பற்றி முதலில் சந்தோஷப்பட்டதாகச் சொன்னான். காற்று மூக்கு வழியாகப் போனால்தானே நாற்றம். குழியில் அது பெரிய சௌகரியம். கம்பெனியும் அதை ஒரு சலுகையாகத்தான் விளம்பரப்படுத்தியது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மூக்கு அப்படியே இருந்தது. தேசம்மா மீன் குழம்பு வைத்தால் தட்டைப் பார்த்துத்தான் மீன் என்று தெரிந்துகொள்கிறான். பேசுவதற்குக்கூட, முதலில் காற்றை நிரப்பிக்கொள்ள நினைவு வர வேண்டும். வீட்டில் சண்டை வந்தால், அவன் நிரப்புவதற்குள் தேசம்மா பேசி முடித்துவிடுகிறாள்.

பிறகு மெதுவாகக் கேட்டான். "ஊசிய நிறுத்திட்டா?"

நிறுத்த முடியாது என்பது அவனுக்கும் தெரியும். அந்த வேலைக்குப் பெயரே ஆயுள் வேலை உத்தரவாதத் திட்டம். ஆயுள் உள்ளவரை வேலை உண்டு. அதாவது, வேலையை விட்டுப் போக ஒரே வழி ஆயுளை விடுவதுதான். ஓடிப்போன இரண்டு பேரைக் கம்பெனி வெளியூரில் தேடிக் கண்டுபிடித்து, ஊசி இல்லாமல் செத்துவிடுவார்களே என்ற மனிதாபிமானத்தோடு மீட்டுவந்தது. பத்திரிகைகளில் பாராட்டு வந்தது.

ஆனாலும் கேட்டதற்கு ஒரு டாக்டராக வகுளா பதில் சொன்னாள். முழித்திருக்கும்போது நீங்களே நினைத்து நினைத்து மூச்சு விடலாம். தூங்கிவிட்டால் யார் நினைப்பது? மூளை மறுபடி வேலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஒவ்வோர் இரவும், பக்கத்தில் ஒருவர் கண் கொட்டாமல் உட்கார்ந்து, நெஞ்சு அசையாத போதெல்லாம் தட்டி எழுப்ப வேண்டும். அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், முடிந்தது. அப்படி ஓர் ஆளைக் கம்பெனி போட்டுத் தராது என்றாள்.

"கம்பெனி எதுக்கு" என்றான் ஏகாம்பரம். கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதுதான் கடைசி. பேசாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது வகுளாவுக்குத் தோன்றியது.

"மேடம்" என்றார் பரந்தாமன். "துகள்மானிய வச்சுட்டீங்கன்னா, மஞ்சள் வந்ததும் நான் ஒரு போட்டோ எடுத்துக்குவேன். வண்டி வந்துடும்."

பையிலிருந்து கருவியை எடுத்து ஏகாம்பரத்தின் ஆள்காட்டி விரலில் மாட்டினாள். தேசம்மா தன் கையை அவன் தோளின் மேல் வைத்துக்கொண்டாள். எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள்.

பச்சை வரவில்லை. மஞ்சளும் வரவில்லை. விளக்கு எரியவே இல்லை.

பரந்தாமன் கருவியைக் கழற்றி, தட்டி, திரும்ப மாட்டினார். ஒன்றும் இல்லை. வேறு விரலில் மாட்டினார். பிறகு, பேட்டரி போய்விட்டதோ என்று சோதிக்க, தன் விரலிலேயே மாட்டிப் பார்த்தார். அவருக்கும் எரியவில்லை.

"கம்பெனிக் கணக்குல நீங்களும் இல்ல சார்" என்றான் கஜபதி, ரொம்பத் தாழ்மையாக.

"எனக்கு எரியாது, நான் ஊசி போட்டவன் இல்ல" என்றார் பரந்தாமன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. "அப்ப இவனுக்கு ஏன் எரியல? மேடம், துகளே இல்லன்னா என்ன அர்த்தம்?"

வகுளா ஏகாம்பரத்தின் மேல் குனிந்தாள். மாலையை ஒதுக்கினாள். இமையை விலக்கிப் பார்த்தாள். முகத்தோடு முகம் வைப்பது போல நெருங்கி, ஒரு கையை அவன் நெற்றியில் ஊன்றி, வெகு நேரம் அப்படியே இருந்தாள். பரந்தாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துக்க வீட்டில் டாக்டர்கள் இப்படிச் சின்னதாக ஒரு நாடகம் போடுவது நல்லதுதான், வீட்டாருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"துகள் இல்லன்னா, ஊசியே போட்டுக்கலன்னு அர்த்தம்" என்றாள். "மாசக்கணக்கா போட்டுக்கல."

பரந்தாமனுக்கு நம்ப முடியவில்லை. துகள் நிரப்பிய ஊசிப்பேனாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, காலியானதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களே. கணக்கு ஒருநாளும் தவறவில்லையே.

"காலி பேனாதான குடுத்தோம்" என்றாள் தேசம்மா. "அங்கணத்துல ஊத்திட்டுக் குடுத்தோம். நான்தான் ஊத்துனேன். தன்னால மூச்சு வுடப் பழகுறேன்னாரு. ராவெல்லாம் நான் பக்கத்துல குந்திக்கினு, நெஞ்சு நின்னா தட்டுவேன். நின்னா தட்டுவேன். வேலைக்குப் போய், மேலயே நின்னு கயிறு புடிச்சுட்டு வந்து, பகல்ல அவரு எனக்குச் சோறாக்கிப் போடுவாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து ஒரு கண்ணு அசந்துட்டேன்."

"தங்கச்சி" என்று முனகிவிட்டு, கஜபதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தேசம்மாவுடன் பிறந்தவன் என்பது பரந்தாமனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தூக்கத்துல மூச்சு விட மறந்துபோயிருக்கார்" என்றாள் வகுளா. "நான் முன்னாடியே எச்சரிச்சிருந்தேன். இறந்துட்டார்."

பரந்தாமன் உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, வருத்தப்பட்டார். உள்ளே வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊசியை வேண்டுமென்றே தவிர்த்தது ஒப்பந்த மீறல். ஆகவே இந்தச் சாவுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. துகள் இல்லை, ஆகவே வடிக்க ஒன்றுமில்லை. வடிக்க ஒன்றுமில்லாத உடம்பைக் கம்பெனிக்குக் கொண்டுபோனால் அடக்கச் செலவுதான் மிச்சம். வெடிக்கவும் வெடிக்காது. இவ்வளவு நல்ல செய்தி ஒரே சாவில் சேர்ந்து வருவது அபூர்வம்.

வந்துகொண்டிருந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார். உடம்பை எடுத்துக்கொள்ளலாம் என்று தேசம்மாவிடம் பெருந்தன்மையோடு சொன்னார். ஒரே ஒரு வேண்டுகோள்: உடல் உலைக்குள் போய்க் கதவு இறங்குவது வரை அவர் வீடியோ எடுத்துக்கொள்வார். ஓடிப்போகிறவர்கள் விஷயத்தில் மேலிடம் சற்றுக் கண்டிப்பாக இருக்கிறது.

கஜபதியின் விரல் மறுபடி பொத்தானுக்குப் போனது.

"இருங்க" என்றாள் வகுளா. "ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் ஆபத்து. உலையை நான் பின்பக்கம் போய்ப் பார்க்கணும்."

அது தேவையில்லை என்றான் கஜபதி. தேவை என்றாள் வகுளா. அவன் தன் தங்கையைப் பார்த்தான். தேசம்மா வகுளாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. கடைசியில் தேசம்மா, "அண்ணே, டாக்டரம்மாவ இட்டுக்கினு போய்க் காட்டு" என்றாள்.

பரந்தாமன் தானும் வருவதாக ஓர் அடி எடுத்து வைத்தார். உள்ளே கேஸ் இருக்கும், உங்களுக்கு மூச்சுத் திணறும் என்று வகுளா சொன்னதும் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தன் மூச்சின் மேல் அவருக்கு மரியாதை உண்டு.

அவர்கள் திரும்பி வந்தபோது வகுளாவின் முகத்தில் ஒரு நிறமும் இல்லை. "ஆரம்பிக்கலாம்" என்றாள்.

தேசம்மா குனிந்து கணவனின் காதில் ஏதோ சொன்னாள். மயானத்தில் பெண்கள் காதோடு சொல்வதை யாரும் கேட்பதில்லை. பிறகு அவன் கால் கட்டைவிரல்களில் இருந்த கட்டை அவளே அவிழ்த்தாள். வழக்கமாக அதைச் செய்ய வேண்டியவர்கள் ஆண்கள்தான் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்து, அவள் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

கஜபதி பொத்தானை அமுக்கினான். கதவு உயர்ந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. தள்ளுவண்டி தண்டவாளத்தில் நகர்ந்து, தலை, நெஞ்சு, கால் என்று ஏகாம்பரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குள் கொண்டுபோனது. மாலையிலிருந்து ஒரு சாமந்தி கீழே விழுந்தது. கதவு இறங்கியது.

பரந்தாமன் போனைத் தாழ்த்தினார். "நெருப்பே தெரியலையே மேடம்?"

"கதவு மூடினாத்தான் பத்தும். புது மாடல்" என்றாள் வகுளா. "புகையும் வராது."

அறிவியல் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அவர் வியந்தார்.

வெளியே வந்து, ஒற்றைச் செருப்போடு வகுளா வண்டியில் ஏறினாள். வண்டி கிளம்பியதும் பரந்தாமன் பேச ஆரம்பித்தார். அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. ஏகாம்பரத்தின் கதையை வீணாக்கக் கூடாது. மற்றப் பணியாளர்களில் சிலருக்கும் இந்த மாதிரி விபரீத ஆசைகள் இருப்பதாகக் கேள்வி. குழந்தை பயப்படுகிறது, மனைவி பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறாள், குழம்பு வாசனை தெரியவில்லை என்றெல்லாம் புலம்புகிறார்கள். எல்லாக் கிளைகளிலும் ஏகாம்பரத்தின் படத்தைப் பெரிதாக ஒட்டி, ஊசியை நிறுத்தினான், உயிரை விட்டான் என்று போட்டால் ஒரு பயம் இருக்கும். கீழே டாக்டரின் கையெழுத்தோடு ஒரு மருத்துவச் சான்று இருந்தால் இன்னும் நல்லது.

"நீங்க எழுதித் தரணும் மேடம். ஊசிய நிறுத்திட்டு உயிரோட இருக்க முடியாதுன்னு. நீங்களே கண்ணால பார்த்ததா."

வகுளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருமுனையில் பேனர் காற்றில் உப்பியும் சுருங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. கூலிங்கிளாஸ் போட்ட ஏகாம்பரம் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் எழுதப் போகிற அந்த ஒரு வரி, குழிக்குள் இறங்குகிற மற்ற அத்தனை பேர் மேலும் ஒரு மூடியைப் போட்டுவிடும். எழுதாவிட்டால், இந்தச் சாவில் ஏதோ இடிக்கிறதே என்று பரந்தாமன் யோசிக்கத் தொடங்குவார். யோசிக்க ஆரம்பித்தால் அவர் கெட்டிக்காரர்தான்.

"எழுதித் தர்றேன்" என்றாள்.

"மனசு சங்கடமா இருக்கா மேடம்? ஒரு பெருமூச்சு விடுங்க, சரியாயிடும்."

அவள் விட்டாள். பரந்தாமன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

சான்றில் எழுத முடியாதவை சில இருந்தன. உலையின் உள்சுவரில் அவள் கை வைத்துப் பார்த்தபோது அது மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. சாம்பல் வாரும் பின்கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே ஓர் ஆட்டோ, எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது. அதன் பின் சீட்டில் ஒரு சின்னப் பெண், மடியில் துணி மூட்டையோடு, அவளை முறைத்துப் பார்த்தாள்.

அதற்கும் முன்னால், கூடத்தில், அவள் ஏகாம்பரத்தின் மேல் குனிந்தபோது, அவன் மூக்கில் செருகியிருந்த பஞ்சின் ஒரே ஓர் இழை உள்ளே போனது. பிறகு வெளியே வந்தது. யாரும் தட்டவில்லை; அது தானாகவே மறுபடி உள்ளே போனது. அவ்வளவு நேரம் அவள் குனிந்தே இருந்தது அவனைச் சோதிக்க அல்ல. பரந்தாமன் அதைப் பார்த்துவிடாமல் மறைக்க.